பாதித் துளி

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று எங்கள் குடியிருப்பில் யாருக்கும் தெரியாது. ஒரே ஒருமுறை கீழ்வீட்டு அண்ணாச்சி கேட்டார். பிரிண்டரில் மை எப்படிச் சொட்டுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் கடைப் பிரிண்டரில் கறுப்பு சரியாக விழவில்லை, வந்து பார்க்க முடியுமா என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். முகத்தில் அடித்த மாதிரித்தான் சொன்னேன். அதற்குப் பிறகு படிக்கட்டில் எதிர்ப்பட்டால் அவர் தலையை மட்டும் ஆட்டுவார்.

வேலை இதுதான். பிரிண்டருக்குள் தாளுக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, பிரிண்ட்ஹெட் என்பார்கள். அதன் அடியில் நூற்றுக்கணக்கான துளைகள், ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லியது. அந்தத் துளைக்கு நாசில் என்று பெயர். ஒவ்வொரு நாசிலுக்குப் பின்னாலும் மை நிற்கும் ஒரு குட்டி அறை. மின்சாரம் பட்டதும் அறையின் சுவர் கண் இமைப்பதைவிட வேகமாக உள்ளே வளைந்து நிமிரும். மை பிதுங்கி வெளியே பாயும். அது உருண்டையாக வராது. முன்னால் தலை, பின்னால் நீளமாக ஒரு வால். வால் அறுந்து, இரண்டு மூன்று குட்டித் துளிகளாக உடைந்து, தலைக்குப் பின்னாலேயே பறக்கும். குட்டிகளும் தலை விழுந்த இடத்தில் விழுந்தால் எழுத்து சுத்தமாக இருக்கும். தள்ளி விழுந்தால் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும்.

ஒவ்வொரு வடிவத்தையும் செய்து பார்த்துத் திருத்துவது கட்டுப்படியாகாது. அதனால் முதலில் கம்ப்யூட்டருக்குள் வரைவோம். மை ஓடும் இடத்தை லட்சக்கணக்கான கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மை எப்படி நகரும் என்று கணக்கிடவிடுவோம். ஒரு துளி பிறந்து, வால் அறுந்து, தாளைத் தொடுவதற்கு நிஜத்தில் ஆகும் நேரத்தைச் சொல்ல வார்த்தையே இல்லை. அதைக் கணக்கிட்டு முடிக்க என் கம்ப்யூட்டருக்கு ஒரு முழுப் பகல் ஆகும். அந்தப் பகல் முழுவதும் நான் அதன் எதிரே உட்கார்ந்திருப்பேன்.

கம்பெனி இருப்பது பெங்களூரில். எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில், அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் தூத்துக்குடிக்கு வந்தேன். காலம் சரியானதும் மற்றவர்கள் ஆபீசுக்குத் திரும்பினார்கள். அம்மா இருந்ததால் நான் போகவில்லை. அம்மா இறந்த பிறகும் போகவில்லை. எங்கள் பூர்வீகம் பக்கத்தில் உள்ள நாசரேத், அங்கே சொந்தக்காரர்கள் நிறைய. எல்லாரும் டீச்சர்கள், அல்லது டீச்சர்களைக் கட்டியவர்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் நான் ஏன் இன்னும் ஒற்றையாக இருக்கிறேன் என்று வாத்தியார் தோரணையில் விசாரிப்பார்கள். எனக்குத் தனியாக இருப்பதுதான் பிடிக்கும் என்று சொல்லிச் சொல்லி, போவதையே நிறுத்திவிட்டேன். அது பொய். எனக்குத் தனியாக இருப்பது பிடிக்கவேயில்லை. சொன்ன வாயால் அதை மாற்றிச் சொல்ல என் வீம்பு விடவில்லை, அவ்வளவுதான். சில வாரங்களில் சிலிண்டர் கொண்டுவருபவரைத் தவிர வேறு மனித முகத்தையே நேரில் பார்த்திருக்க மாட்டேன்.

குரல் மட்டும் ஒன்று இருந்தது. அவன் பெங்களூர் லேபில் டெஸ்ட் பார்ப்பவன். நான் வரைந்த பிரிண்ட்ஹெட்டை நிஜமாகச் செய்து கொண்டுவந்ததும், அதை மேஜையில் மாட்டி, மையை ஓடவிட்டு, பளிச் பளிச்சென்று வெட்டும் விளக்கொளியில் பறக்கும் துளிகளைப் படம் பிடிப்பான். டிப்ளமோ படித்தவன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். மீட்டிங்கில் எல்லாரையும்போல இங்கிலீஷில் பேசுவான், குறைவாகப் பேசுவான். ஒருநாள் மைக்கை அணைக்க மறந்துபோய், பக்கத்தில் அடித்த போனை எடுத்து, “ஏளா, மீட்டிங்ல இருக்கேன், பெறவு பேசுதேன்” என்றான். மீட்டிங்கில் இருந்த யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பெண்டாட்டியை ஏளா என்று கூப்பிடும் எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டு, நான் என் வீட்டில் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். மீட்டிங் முடிந்ததும், எந்த ஊர் தம்பி என்று கேட்டேன். தருவைகுளம் என்றான். எனக்கும் அவனுக்கும் இடையில் பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான். ஆனால் அவன் பெங்களூரில் இருந்தான்.

அன்றிலிருந்து தினமும் காலைப் பத்து மணி மீட்டிங் முடிந்து எல்லாரும் வெளியேறிய பிறகு, நாங்கள் இருவரும் ஐந்து பத்து நிமிடம் பேசுவோம். அவன் என்னை அக்கா என்பான். அங்கன காற்று எப்படி, கடல் எப்படி என்று கேட்பான். அவனுக்குக் கடல் இல்லாமல் நாக்கு செத்துப்போயிற்று. எனக்குக் கடல் இரண்டு கிலோமீட்டர், போனதே கிடையாது. இன்று அலையே இல்லை தம்பி, குளம் மாதிரி கிடக்கிறது என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். அவன் அதைக் கேட்டு, வாடைக்காற்று நின்றுவிட்டது போல என்று தனக்குள் ஒரு கணக்குப் போடுவான். எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியாக இருக்கும். இருந்தாலும் மறுநாளும் அள்ளிவிடுவேன்.

அவன் ஒப்பந்தத்தில் இருந்தான். இந்தப் பிரிண்ட்ஹெட் நல்லபடியாக வெளியே வந்தால் நிரந்தரம் செய்வதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி அவன் பெங்களூரில் வீடு பிடித்து, ஊரிலிருந்து மனைவியையும் அழைத்துக்கொண்டான். இந்த டெஸ்ட் முடிந்துவிட்டால் போதும் அக்கா என்று அடிக்கடி சொல்வான்.

அந்த டெஸ்ட்டில்தான் சிக்கல் வந்தது. அவன் எடுத்த படங்களில் தலைத்துளி நேராகப் போகிறது. பின்னால் வரும் குட்டிகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து போகின்றன. ஒன்றிரண்டு நாசிலில் இல்லை, எல்லாவற்றிலும். என் சிமுலேஷனில், அதாவது கம்ப்யூட்டர் கணக்கில், அப்படி எதுவும் இல்லை. நூல் பிடித்தது போல எல்லாத் துளிகளும் நேராகப் பறந்தன. மீட்டிங்கில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏன் இந்த வித்தியாசம் என்று மேனேஜர் கேட்டார். நாசில் முகத்தில் மை படிந்திருந்தால் துளியை ஒரு பக்கம் இழுக்கும், டெஸ்ட்டுக்கு முன்னால் துடைத்தது போதாது என்றேன். அவன் மறுபடி துடைத்து எடுத்தான். சாய்ந்தது. வேறு பிரிண்ட்ஹெட் மாட்டி எடுத்தான். அதுவும் சாய்ந்தது.

அடுத்த வார மீட்டிங்கில் மேனேஜர் நேராகவே கேட்டார்: எதை நம்புவது, சிமுலேஷனையா, டெஸ்ட்டையா? எனக்குச் சுருக்கென்றது. பத்து வருடத்தில் என் கணக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை, டெஸ்ட் செய்யும் முறையில்தான் கோளாறு என்றேன். சொல்லிவிட்டு என் ஸ்லைடை இன்னொருமுறை பெரிதாக்கிக் காட்டினேன். நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மேனேஜர் அவனிடம் கேட்டார். சின்னக் கட்டத்துக்குள் அவன் முகம் தெரிந்தது. ஸ்லைடையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, ஒன்றுமில்லை சார் என்றான். அன்று மீட்டிங் முடிந்ததும் அவனும் மற்றவர்களோடு வெளியேறிவிட்டான். கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன். எனக்கும் கோபம் வந்தது. மீட்டிங்கில் பேசியதை எழுத்திலும் போட்டுவிடுவோம் என்று, மத்தியானம் சாப்பிடுவதற்கு முன்னாலேயே மேனேஜருக்கு மெயில் அனுப்பினேன். துடைக்கும் முறை சரியில்லை, இந்த டெஸ்ட் முடிவுகளை நம்ப முடியாது என்று இரண்டே வரி. அவனுக்கும் ஒரு நகல் போட்டேன்.

அந்த மாதத்தோடு அவன் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. ‘ஊருக்கு வந்துட்டோம் அக்கா’ என்று ஒருநாள் செய்தி அனுப்பினான். நான் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டேன். வேறு என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் இப்போது முக்கால் மணி நேரத் தூரத்தில் இருந்தான்; நான் போகவில்லை. தப்பு அவன்மேல், அவனே பேசட்டும் என்று இருந்தேன்.

லேபுக்கு வேறொருவன் வந்தான். டெல்லிப் பக்கத்துப் பையன், மரியாதையானவன், மீட்டிங் முடிந்த நொடியே காணாமல் போவான். நான் மட்டும் அந்தத் திரையில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பேன். ஒருமுறை மூன்று நாள் யாரோடும் பேசவில்லை என்பதை, நாலாவது நாள் கடைக்குப் போய்த் தக்காளி என்று சொல்ல வாயெடுத்துக் குரல் வராதபோதுதான் உணர்ந்தேன். கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அழுதேன்.

என் தப்பு எனக்குத் தெரியவந்தது என் புத்திசாலித்தனத்தால் அல்ல. மேனேஜர் புதிதாக ஒன்று கேட்டார். ஒரு நாசில் துளி விடும்போது பக்கத்து நாசில் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டுமாம். அதற்கு மூன்று நாசில்களைச் சேர்த்து, முழுதாக வரைய வேண்டியிருந்தது.

இந்தத் தொழிலில் யாரும் நாசிலை முழுதாக வரைவதில்லை. நடுவில் கோடு கிழித்து ஒரு பாதியை மட்டும் வரைவோம். மறுபாதி இதைப் போலவேதான் என்று கம்ப்யூட்டரிடம் சொல்லிவிட்டால், கணக்கு பாதி நேரத்தில் முடியும். தாளில் மையைத் தெளித்து மடித்து விரித்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருமே, அப்படி ஒரு முழுப் படம் கிடைத்துவிடும். நாசிலின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும்வரை இதில் தப்பே இல்லை. எங்கள் பழைய வடிவங்களில் அறைக்கு மை இரண்டு பக்கத்திலிருந்தும் சமமாக வரும். அதனால் நானும் பத்து வருடமாகப் பாதியை வரைந்தே பிழைத்தேன். புது வேலை வந்தால் பழைய ஃபைலைத் திறந்து, வலது பாதியின் அளவுகளை மட்டும் மாற்றுவேன்.

முழுதாக வரைவதற்காக அன்றுதான் வரைபடத்தின் இடது பாதியைப் பார்த்தேன். ஒயர் போக இடம் வேண்டும் என்று, இந்த வடிவத்தில் இடப்பக்கத்து மை வாய்க்காலைக் குறுக்கியிருந்தார்கள். ஓரத்தில் குறிப்பும் இருந்தது. ஒளித்து வைக்கவில்லை, மறைக்கவில்லை. நான் பார்க்கவில்லை.

வரைந்து கணக்கை ஓடவிட்டேன். காலையில் தொடங்கியது, சாயங்காலம் நாலு மணிக்கு முடிந்தது. தலைத்துளி நேராகப் போயிற்று. வால் அறுந்தது. குட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இடப்பக்கம் சாய்ந்தன. அவன் படங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் அச்சு அசல் ஒன்று. பாதியை மட்டும் வரைந்தால் துளி சாயவே முடியாது. இந்தப் பக்கம் இழுப்பதை அந்தப் பக்கமும் அதே அளவு இழுக்கும். உலகத்தில் எந்தத் தப்பு நடந்தாலும் என் சிமுலேஷன் நேர் என்றுதான் சொல்லியிருக்கும். இதை முதல் வருடம் படிக்கிறவர்களுக்கே சொல்லிக் கொடுப்பார்கள். நாற்காலியைவிட்டு எழுந்து பாத்ரூமில் போய் நின்றேன். வீட்டில் யாரும் இல்லாதபோதும் முகத்தை மறைக்க ஓர் இடம் தேவைப்பட்டது.

சும்மா இருந்திருக்கலாம். மூன்று நாசில் வேலையில் புதிதாகத் தெரியவந்தது என்று நைசாகச் சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் அதைத்தான் யோசித்தேன், ஆனால் மறைக்க மனம் ஒப்பவில்லை. மூன்றாம் நாள் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் சொன்னேன். என் கணக்குதான் தப்பு, டெஸ்ட் சரி, அந்தப் பையன் எடுத்த ஒவ்வொரு படமும் சரி, அவன் போனது என்னால் என்றேன். மேனேஜர், இப்படித் தன் தப்பைத் தானே எடுத்துச் சொல்பவர்கள்தான் இந்தக் கம்பெனிக்கு வேண்டும் என்றார். மூன்று பேர் கைதட்டும் படம் போட்டார்கள். அவனை மறுபடி எடுக்க வேண்டும் என்றேன். அந்த இடத்துக்குத்தான் ஆள் வந்துவிட்டதே என்றார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். மத்தியானம் என் நேர்மையைப் பாராட்டி எல்லாருக்கும் ஒரு மெயில் வந்தது.

அவனுக்குச் செய்தி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரலாமா என்று கேட்டேன். ‘பூசை முடிஞ்சி ஒம்பது மணிக்கு மேல வாங்க அக்கா’ என்று உடனே பதில் வந்தது. ஞாயிறு ஆராதனைக்குக்கூடக் கோயிலுக்குப் போகாத ஒரு நாசரேத்துக் கிறிஸ்தவள், கையில் ஆப்பிளும் பிஸ்கட்டுமாகத் தருவைகுளம் பஸ்ஸில் ஏறினாள். இரண்டு பக்கமும் உப்பளத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. சொல்ல வேண்டியதை வழி முழுவதும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

பஸ் நிற்கும் இடத்தில் அவன் நின்றான். மூன்று வருடமாகக் கழுத்துவரைதான் பார்த்திருந்தேன்; இவ்வளவு உயரம் என்று எதிர்பார்க்கவில்லை. அவனும் என்னைப் பார்த்து, கம்ப்யூட்டரில் நீங்கள் பெரிய ஆள் மாதிரித் தெரிந்தீர்கள் என்று சிரித்தான். உப்புப் பாக்கெட் போடும் இடத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். பாக்கெட்டில் தேதி அடிக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் மைத்துளிதான் அக்கா, ஆனால் பெரிய துளி, முரட்டுத் துளி என்றான்.

வாசலில் அவன் மனைவி, “வாங்க மதினி” என்றாள். புருஷனின் அக்காளை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. என்னை அதுவரை யாரும் மதினி என்று கூப்பிட்டதில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது அத்தனையும் மறந்துபோயிற்று.

தட்டுத் தடுமாறித்தான் சொன்னேன். பழைய ஃபைலைத் திறந்தது, பாதியை வரைந்தது, இடப்பக்கத்தைப் பார்க்காதது எல்லாவற்றையும் சொன்னேன். அவன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே கேட்டான். முடித்ததும், முழுதாக வரைந்தால் எத்தனை டிகிரி சாய்கிறது என்று கேட்டான். ஒன்றரை என்றேன். எனக்கும் ஒன்றரைதான் வந்தது என்று தலையாட்டினான். அவ்வளவுதானா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, குசினியிலிருந்து மீன் பொரித்துக்கொண்டே அவன் மனைவி சொன்னாள்.

“இவியளுக்கு அன்னைக்கே தெரியும் மதினி.”

“ஏளா, சும்மா இரி” என்றான் அவன்.

அவள் சும்மா இருக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்துவிட்டு, நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல் அவனைப் பார்த்தாள். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அன்று நான் ஸ்லைடைப் பெரிதாக்கிக் காட்டினேன் அல்லவா, அதில் வாலுக்கு இடப்பக்கம், நான் ஒருநாளும் கவனிக்காத ஒரு பொட்டு மாதிரித் துளி இருந்ததாம். வலப்பக்கமும் அதே உயரத்தில், அதே அளவில், அதே பொட்டு. அவன் விளக்குக்குக் கீழே ஆயிரக்கணக்கான துளிகளைப் பார்த்தவன். மை ஒருநாளும் அப்படி இரண்டு பக்கமும் ஒன்றுபோலப் பிரியாது. அக்கா பாதியை வரைந்து மடித்திருக்கிறார்கள் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டதாம்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. தெரிந்திருந்தும் ஏன் வாயை மூடிக்கொண்டு இருந்தாய் என்று கேட்டேன்.

“அத்தன பேரு முன்னால எப்படிக்கா சொல்லுவேன்? நீங்க நம்ம பக்கத்து ஆளு. அங்கன வச்சு உங்கள மடக்கிட்டா, பெறவு எந்த மூஞ்ச வச்சுக்கிட்டு உங்ககூடப் பேசுவேன்?”

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் எனக்குத் தனியாகப் போன் செய்து சொல்ல வேண்டும் என்று இருந்தானாம். நானே திருத்திக்கொண்ட மாதிரி ஆகிவிடும், யாருக்கும் தெரியாது என்று நினைத்தானாம். அதற்குள் மத்தியானமே என் மெயில் வந்துவிட்டது. எழுத்தில் போன பிறகு, தான் சொல்லி அக்கா பின்வாங்கினால் அக்கா பேர் கெட்டுவிடுமே என்று விட்டுவிட்டான். அவன் பேசாமல் இருந்ததை நான் இத்தனை நாளும் என் கணக்குக்குச் சாட்சியாக வைத்திருந்தேன். தன்மேல் தப்பு இல்லை என்றால் பேசியிருப்பானே என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

மன்னித்துக்கொள் என்று சொன்னேனா என்று இப்போது நினைவில்லை. சொல்லியிருந்தாலும் அவன் காதில் வாங்கவில்லை. அவன் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தான். மீன் துண்டை என் தட்டில் எடுத்து வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்.

“இத மீட்டிங்ல சொல்லிட்டீங்களாக்கா?”

சொல்லிவிட்டேன் என்றேன்.

“உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகலயே?”

இல்லை என்றேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால், பாராட்டி மெயில் போட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

அவன் மூச்சை விட்டான். மனைவியைப் பார்த்து, நான்தான் சொன்னேனே, அக்காவுக்கு ஒன்றும் ஆகாது என்று, என்றான். இரண்டு பேரும் என் செய்தி வந்த நாளிலிருந்து, அந்தத் தப்பு வெளியே தெரிந்து எனக்கு வேலை போய்விட்டது, அதனால்தான் வருகிறேன் என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தார்களாம். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மீன் ஆறிக்கொண்டிருந்தது, அவள் சாப்பிடுங்கள் மதினி என்று இன்னொருமுறை சொன்னாள்.